மாட்டுக் கொட்டகை மேல் ஏறிய பள்ளிக்கூடம்

1

இந்த ஊர்த் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு நான் பொருளாளராகி இந்த மாதத்தோடு ஒரு வருஷம் ஆகிறது. அதற்காக எனக்கு ஒரு மாலை போடலாமா என்று கமிட்டியில் யோசனை நடந்ததாம். மாலை வாங்குவது எந்தக் காசில் என்று கேட்டேன். யோசனை அத்தோடு நின்றுவிட்டது. எனக்கும் நிம்மதி, அவர்களுக்கும் நிம்மதி.

ஊரில் இருக்கிற உங்களுக்கு நான் இங்கே என்ன செய்கிறேன் என்று தெரியாது. மலாயாவில், பேராக் பக்கத்தில் ஒரு சின்ன ரயில்வே ஸ்டேஷனில் குமாஸ்தா வேலை. சரக்கு வண்டியில் ஏறுவதையும் இறங்குவதையும் எழுதி வைப்பது தொழில். ஸ்டேஷனுக்குப் பின்னால் அத்தாப்பு ஓலை வேய்ந்த ஒரு நீளமான கொட்டகை இருக்கிறது. அதுதான் தமிழ்ப் பள்ளிக்கூடம். ரயில்பாதைக் கூலிகளின் பிள்ளைகளும், பக்கத்துத் தோட்டத்தில் பால்மரம் வெட்டுகிறவர்களின், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுக்கிறவர்களின், பிள்ளைகளும் அங்கே படிக்கிறார்கள்.

ஜப்பான்காரன் போன பிறகு, பள்ளிக்கூடப் பணம் எங்கே என்று பழைய பொருளாளரைக் கேட்டார்கள். அவர் ஒரு தகரப் பெட்டியைத் திறந்து காட்டினார். பெட்டி நிறைய வாழைமரத்து நோட்டு. ஜப்பான்காரன் வாழைமரப் படம் போட்டு அடித்துவிட்ட நோட்டு அது. அவன் கப்பலேறிய அன்றைக்கே அடுப்பெரிக்கக்கூட லாயக்கில்லாமல் போய்விட்டது. "யுத்தத்துக்கு முந்தி வசூல் பண்ணின வெள்ளைக்காரன் காசு எங்கே?" என்று கேட்டதற்கு, "எல்லாம் இதுக்குள்ளேதான் போச்சு" என்றார். பொய்யா நிஜமா, யாருக்குத் தெரியும்? அவருக்கே தெரிந்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்.

உடனே கமிட்டிக்காரர்கள் அத்தனை பேரும் என் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். கணக்கு எழுதத் தெரிந்த ஆள் நான்தானாம். முடியவே முடியாது என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

"கணக்கு எழுதுறது ஒங்க தொழில்தானே? ஏன் இப்படி முறுக்குறீங்க?" என்றாள் என் மனைவி கமலம்.

என் மகன் மோகனுக்குப் பதின்மூன்று வயது. பஸ் ஏறி இங்கிலீஷ் பள்ளிக்கூடத்துக்குப் போகிறவன். சாப்பாட்டை 'மக்கான்' என்பான், கடைத்தெருவை 'பாசார்' என்பான். அவன் சாப்பாட்டுத் தட்டிலிருந்து தலையைத் தூக்காமலே, "அது அவங்க ஸ்கூல்தானேப்பா? நமக்கென்ன?" என்றான்.

அவங்க ஸ்கூல்! தட்டை விட்டு எழுந்துவிட்டேன். ஆனால் கோபம் பையன் மேல் இல்லை. பள்ளிக்கூடம், பொதுக்காசு, கமிட்டி என்ற மூன்று வார்த்தையும் ஒன்றாகக் காதில் விழுந்தாலே எனக்கு ஏன் தலைக்கு ஏறுகிறது என்பதற்கு ஒரு கதை இருக்கிறது. அது உங்கள் பக்கத்துக் கதைதான்.

2

எங்கள் ஊர் புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில், கீரனூருக்குத் தெற்கே உள்ளடங்கிய ஊர். நான் சிறுவனாக இருந்தபோது அங்கே பள்ளிக்கூடம் கிடையாது. படிக்கிற பிள்ளை கீரனூருக்கு நடக்க வேண்டும். நான் நடந்து படித்தவன். பெண்பிள்ளைகளை யாரும் அவ்வளவு தூரம் அனுப்புவதில்லை. என் அக்கா பொன்னம்மா என்னைவிடக் கெட்டிக்காரி, ஆனாலும் ஒரு எழுத்துத் தெரியாது.

நான் மலாயாவுக்கு வந்த பிறகு, யுத்தத்துக்கு முன்னால், ஒரு நாள் ஊரிலிருந்து சேதி வந்தது. பள்ளிக்கூடம் கட்டப் போகிறார்கள், கமிட்டி போட்டாயிற்று, வீரையா மாமாதான் பிரசிடெண்டு, கட்டடத்தைக் காட்டினால் சமஸ்தானத்திலிருந்து கிராண்டு என்ற மானியப் பணம் கிடைக்கும், கட்டடத்துக்கு நீங்கள்தான் உதவ வேண்டும் என்று.

வீரையா மாமாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். மழை பொய்த்த ஒரு வருஷம், தன் வீட்டுக் குதிரின் வாயைத் திறந்துவிட்டு ஊருக்கே நெல் அளந்தவர். திருப்பிக் கொடு என்று ஒருத்தரையும் கேட்கவில்லை. கிணறு வெட்டினாலும், கோயில் தேர் இழுத்தாலும் அவர் முன்னால் நிற்பார். அவர் பெயரைச் சொன்னதும் இங்கே யாரும் இரண்டாவது பேச்சுப் பேசவில்லை. தோட்டத்து ஆட்கள், ஸ்டேஷன் போர்ட்டர்கள், ஒரு சலவைக்கடைக்காரர் என்று எங்கள் பக்கத்து ஆட்கள் எல்லாரும் கொடுத்தார்கள். பால்மரம் வெட்டுகிற காளியம்மா, எங்கள் ஊர்க்காரி, இரண்டு மாதச் சேமிப்பைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தாள்.

"பிள்ளைக நனையாம ஒக்காந்து படிக்கணும் அண்ணே. ஓடு போடச் சொல்லுங்க. கீத்து வேணாம்."

"ஓடுதான் போடுவாங்க. நான் பொறுப்பு" என்றேன்.

அந்த ஒரு வார்த்தையை நான் எவ்வளவு லேசாகச் சொன்னேன்!

3

பணம் போய்ச் சேர்ந்தது. மங்களூர் ஓடு வாங்கியாயிற்று என்று பதிலும் வந்தது. அதன் பிறகு எத்தனை கடிதம் போட்டாலும், 'ஆண்டவன் அருளால் வேலை நடந்துகொண்டிருக்கிறது' என்ற ஒரே வாக்கியம்தான் வந்தது. எனக்கு லீவு கிடைத்தபோது நேரில் பார்த்துவிடுவது என்று கிளம்பினேன்.

கிளம்புவது லேசா? பினாங்கில் கப்பல் டிக்கெட்டுக்கு விண்ணப்பப் பாரம் எழுதுகிற இடத்தில், "எந்த ஜில்லா?" என்றான் குமாஸ்தா.

"புதுக்கோட்டை."

"புதுக்கோட்டை எந்த ஜில்லாவில் இருக்கிறது?"

"ஜில்லாவில் இல்லை. சமஸ்தானம்."

"அதற்குப் பாரத்தில் இடம் இல்லையே" என்றான். பின்னால் நின்றவர்கள் நெருக்க, திருச்சி ஜில்லா என்று எழுதிவிட்டுக் கப்பலேறினேன். பாரத்தில் இடம் இல்லாத ஊருக்குப் போய்க் கணக்குக் கேட்கப் போகிறேன் என்று அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

கீரனூர் ஸ்டேஷனில் வீரையா மாமா வில்வண்டி கட்டிக்கொண்டு வந்திருந்தார். கையில் மாலை. என் பெட்டியைத் தானே தூக்கப் போனார். இப்படிப்பட்ட மனிதரிடம் கணக்கு எப்படிக் கேட்பது என்று வழியெல்லாம் மருகிக்கொண்டே போனேன்.

பள்ளிக்கூடத்தைப் பார்த்ததும் அந்தக் கூச்சம் போய்விட்டது. சுவர் நின்றது. வாத்தியார் இருந்தார். மேலே கீற்று. அதிலும் பாதி பறந்து வானம் தெரிந்தது. மழை வந்தால் வாத்தியார் மணியடித்துப் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவிடுவாராம். அக்கா மகள் வள்ளி அங்கேதான் படித்தாள். "ஐப்பசி, கார்த்திகையில பள்ளிக்கூடமே கெடையாது மாமா" என்று சந்தோஷமாகச் சொன்னாள்.

அங்கிருந்து நேரே வீரையா மாமா வீட்டுக்குப் போனேன். கொல்லைப் பக்கம் மாட்டுக் கொட்டகை. அதன் மேல் புத்தம்புது மங்களூர் ஓடு, செக்கச்செவேலென்று.

"மாமா, இது..."

"பள்ளிக்கூடத்து ஓடுதான் தம்பி" என்றார், கொஞ்சமும் தயங்காமல். "வண்டியில வந்து எறங்குச்சு. அந்நேரம் பார்த்து மழை புடிச்சுக்கிருச்சு. வெளியில அடுக்கி வச்சா நனைஞ்சு போகுமே. அதான் தற்காலிகமா இங்கிட்டு ஏத்தி வச்சிருக்கேன்."

"ஓடு நனையக் கூடாதுன்னா மேல ஏத்தினீங்க?"

"ஆமா."

கீழே மாடு நிம்மதியாக அசை போட்டுக்கொண்டிருந்தது.

"சரிங்க மாமா. மிச்சப் பணம்?"

"மிச்சம்னா? கெணத்துல தூர் வாரினேன், அந்தத் தண்ணியத்தான் பிள்ளைகளும் குடிக்குது. வாத்தியாருக்கு ரெண்டு மாசம் சம்பளம் வரல, என் கைய விட்டுத்தான் கொடுத்தேன். மகளுக்குக் கல்யாணம் வந்துச்சு. எது பள்ளிக்கூடத்துக் காசு, எது எங்காசுன்னு நான் பிரிச்சே வச்சுக்கலையே தம்பி. எல்லாம் ஒரே மடியிலதான் கெடந்துச்சு." பிறகு என் முகத்தைப் பார்த்தார். அவர் கண் கலங்கியிருந்தது. "நான் தின்னுட்டேன்னு நெனைக்கிறியா?"

அவர் நடிக்கவில்லை. எனக்கு எரிச்சல் வந்ததே அதனால்தான். திருடனாக இருந்தால் திருடன் என்று சொல்லிவிட்டுப் போகலாம். இவர் தன்னையே பள்ளிக்கூடம் என்று நினைத்துக்கொண்டிருந்தார். தன் மாடு நனையாவிட்டால் ஊர்ப்பிள்ளை நனையாத மாதிரி.

ஊர்க்கூட்டம் போடச் சொன்னேன். போட்டார்கள். அவரே தலைமை. நான் எழுந்து வரவுசெலவு கேட்டேன். கூட்டத்தில் ஒரு வாய் திறக்கவில்லை. எல்லாரும் என்னை ஏதோ செய்யக் கூடாததைச் செய்தவனைப் போலப் பார்த்தார்கள். கூட்டம் கலைந்த பிறகு ஒவ்வொருவராக வேலி ஓரம் வந்தார்கள். "நீங்க கேட்டது நாயந்தான் தம்பி. ஆனா அவுக நெல்லு அளந்து எங்க உசுரக் காப்பாத்துனவுக. எப்படி மூஞ்சிக்கு நேரா கேக்குறது?" எல்லாரும் இதையேதான் சொன்னார்கள், எல்லாரும் தனியாகத்தான் சொன்னார்கள்.

புதுக்கோட்டைக்குப் போய், பள்ளிக்கூடங்களைப் பார்க்கிற ஆபீஸில் ஒரு மனுக் கொடுத்தேன். அங்கிருந்தவர் மரியாதையாகவே வாங்கிப் படித்தார். "கமிட்டி நடத்துற பள்ளிக்கூடம். புகார் இருந்தா கமிட்டி மூலமா வரணுங்க."

"புகாரே கமிட்டித் தலைவர் மேலதானுங்க."

"இருக்கட்டும். தலைவர் கையெழுத்தோட அனுப்புங்க, கவனிக்கிறோம்."

திரும்பி வந்து அக்காவிடம் கத்தித் தீர்த்தேன். ஊரைத் திட்டினேன், சமஸ்தானத்தைத் திட்டினேன், மாட்டைக்கூடத் திட்டினேன். அக்கா உலையில் அரிசியைப் போட்டுக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நீ கப்பலேறிப் போயிருவ. இங்கிட்டு இருக்கப் போறது நாங்கதான். கத்தாம சாப்பிடு" என்றாள்.

4

இங்கே திரும்பியதும் எல்லாரும் ஸ்டேஷனுக்கே வந்துவிட்டார்கள். "கட்டடம் எப்படி இருக்கு?" நான் உள்ளதைச் சொன்னேன். ஓடு எங்கே இருக்கிறது என்பதையும் சொன்னேன். முதலில் சிரித்தார்கள், நான் கேலி பேசுகிறேன் என்று. பிறகு சிரிப்பு நின்றது.

ஒரு போர்ட்டர், "வீரையா அப்படிச் செய்ய மாட்டாரு. ஒங்களுக்கும் அவருக்கும் என்ன தகராறு?" என்றான். இன்னொருவன், "நீங்கதானே பொறுப்புன்னு சொன்னீங்க, நீங்களே திருப்பிக் கொடுங்க" என்றான். ஒரே வாயில் இரண்டையும் பேசியவர்களும் உண்டு. காளியம்மா தண்டவாளத்தைப் பார்த்துவிட்டு, "சரி அண்ணே, வேலைக்கு நேரமாச்சு" என்று போய்விட்டாள். மற்றவர்கள் போட்ட சத்தம் எனக்கு மறந்துவிட்டது.

அப்புறம் ஜப்பான்காரன் வந்தான். கப்பல் நின்றது, தபால் நின்றது. காளியம்மாவின் புருஷனை சயாமில் ரயில்பாதை போட இழுத்துக்கொண்டு போனார்கள். அவன் திரும்பவில்லை. பள்ளிக்கூடத்து ஓட்டைப் பற்றி நினைக்க யாருக்கு நேரம்?

5

நான் பொருளாளர் வேலை வேண்டாம் என்று சொன்ன அடுத்த வாரம், காளியம்மாவின் தம்பி கருப்பையா ஊரிலிருந்து கப்பலில் வந்து இறங்கினான். புருஷனில்லாத அக்காவுக்குத் துணையாக வந்தவன். இருவரையும் வீட்டுக்கு அழைத்துச் சாப்பாடு போட்டோம். முதல் கவளம் உள்ளே போவதற்குள் கேட்டுவிட்டேன்: "பள்ளிக்கூடம் என்ன ஆச்சு?"

அவன் சிரிக்க ஆரம்பித்தான்.

"ஒங்க அக்காதான் அண்ணே எல்லாம். யுத்தம் முடியிற வருசம் பள்ளிக்கூடத்து இன்சுபெக்டரு வாராருன்னு சொன்னாங்க. பிள்ளைக தலைய எண்ணித்தானே கிராண்டு? மொத நாளே ஒங்க அக்கா வீடு வீடாப் போயி, நாளைக்கு ஒருத்தரும் பிள்ளைய அனுப்பாதீங்கன்னுச்சு. ஆம்பளைக யோசிச்சோம். பொம்பளைக யோசிக்கல. ஒரு பிள்ளை போகல."

"அப்புறம்?"

"இன்சுபெக்டரு ஜட்காவுல வந்து எறங்குறாரு. வீரையா மாமா மாலையோட நிக்கிறாரு. உள்ள பார்த்தா வாத்தியாரும் ஒரு கோழியும். எங்கய்யா பிள்ளைகன்னு கேக்குறாரு. மாமாவுக்கு என்ன சொல்றதுன்னு தெரியல. ஊருல அம்மை போட்டிருக்குங்கன்னு சொல்லிட்டாரு."

கமலம் பரிமாறுவதை நிறுத்திவிட்டாள்.

"அம்மைன்னு காதுல விழுந்ததும் இன்சுபெக்டரு பின்னுக்கே நடந்து போயி ஜட்காவுல ஏறிட்டாரு. மறுநாள் விடியிறதுக்குள்ள அம்மை குத்துறவரு, சுகாதார ஆபீசரு, டவாலி போட்ட சேவகன், எல்லாம் வந்து எறங்கிட்டாக. வீடு வீடா நுழையிறாக. ஒருத்தருக்கும் அம்மை இல்ல. சும்மா இருந்த எங்களையெல்லாம் புடிச்சு ஊசியால குத்தித் தள்ளிட்டாக. எனக்குக் கை வீங்கி ஒரு வாரம் ஏர் புடிக்க முடியல. இல்லாத அம்மைய யாரு சொன்னான்னு விசாரணை வந்துச்சு. அப்பத்தான் ஒங்க அக்கா ஆபீசரு முன்னால வந்து நின்னு, அம்மை இல்லீங்க, கூரைதான் இல்ல, கூரை எங்க இருக்குன்னு காட்டுறேன் வாங்கன்னு மாட்டுக் கொட்டகைக்குக் கூட்டிட்டுப் போச்சு."

பல வருஷம் பொதுப்பணத்துக்குக் கணக்கு இல்லை. எட்டிப் பார்க்க ஓர் ஆள் இல்லை. இல்லாத அம்மைக்கு ஒரே நாளில் ஓர் ஆபீஸே வந்து இறங்கியது! அன்றைக்கு நான் கொடுத்த மனுவில் காலரா என்று ஒரு வார்த்தை சேர்த்திருக்க வேண்டும்.

பொய்ச் சேதி கொடுத்ததற்காக வீரையா மாமாவைத் தலைவர் பதவியிலிருந்து நீக்கினார்களாம். பணத்துக்காக இல்லை. பணத்தைப் பற்றி யாரும் கடைசிவரை கேட்கவில்லை. ஆனால் ஓடு இறங்கியது. பெண்கள் வரிசையாக நின்று, கொட்டகையிலிருந்து பள்ளிக்கூடம் வரை கைமாற்றி அனுப்பினார்கள்.

"மாமா என்ன செஞ்சாரு?" என்றேன்.

"முத்தத்துல நின்னுக்கிட்டு, 'பார்த்து எறக்குங்கத்தா, பொதுச்சொத்து, ஒடைஞ்சா யாரு பதில் சொல்றது'ன்னு சத்தம் போட்டுக்கிட்டே இருந்தாரு."

காளியம்மா இலையிலிருந்து நிமிர்ந்தாள். "ஓடு பத்துச்சா?" என்று மட்டும் கேட்டாள்.

"கெழக்கு மூலையில கொஞ்சம் பத்தல அக்கா. அங்கிட்டு மட்டும் கீத்து."

"பரவாயில்ல. அந்த மூலையில வாத்தியார ஒக்காரச் சொல்லு" என்றாள். அன்றைக்குத்தான், புருஷன் போன பிறகு, அவள் சிரித்து நான் பார்த்தேன்.

போகிறபோது கருப்பையா, "ஒங்க அக்கா ஒண்ணு சொல்லிவிட்டுச்சு" என்றான். "கடல் கடந்து காசு அனுப்புறது பெருசில்ல, பக்கத்துலயே இருந்து எந்திரிச்சு நின்னு கேக்கணும்னு தம்பிகிட்டச் சொல்லுன்னுச்சு."

மறுநாள் காலையில் கமிட்டிக்காரர்கள் வீட்டுக்கு நானே போனேன்.

6

ஒரு நிபந்தனை போட்டேன். மாதா மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை, பள்ளிக்கூடத்தில், எல்லார் முன்னாலும் வரவுசெலவை நான் சத்தமாக வாசிப்பேன். படிக்கத் தெரிந்தவர், தெரியாதவர், யார் வேண்டுமானாலும் எது வேண்டுமானாலும் கேட்கலாம். கமிட்டிக்காரர்களுக்கு முகம் சுண்டிவிட்டது. "கௌரவமான ஆளுகளை இப்படிக் கூண்டுல ஏத்தலாமா?" என்றார் ஒருவர். "ஒங்க மகனே இங்கிலீஷ் பள்ளிக்கூடத்துலதானே படிக்கிறான்?" என்றார் இன்னொருவர். அது உண்மைதான். ஆனால் கணக்கு எழுத வேறு ஆள் இல்லை. ஒத்துக்கொண்டார்கள்.

முதல் சில மாதங்கள் நான் வாசித்தேன், அவர்கள் தூங்கினார்கள். நான் மனதுக்குள் அவர்களைத் திட்டிக்கொண்டே வாசித்தேன். இவ்வளவு பாடுபட்டு ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறேன், ஒரு ஜீவன் காது கொடுக்கவில்லையே என்று. பிறகு, எப்படி என்று தெரியவில்லை, கேட்க ஆரம்பித்தார்கள். கேட்க ஆரம்பித்த பிறகுதான், தூங்கியபோது எவ்வளவு நன்றாக இருந்தது என்று எனக்குத் தெரிந்தது.

போன மாதம், மணிக்குப் புதுக் கயிறு வாங்கிய செலவை வாசித்தேன். பின் வரிசையிலிருந்து சலவைக்கடைக்காரர் எழுந்தார்.

"பழைய கயிறு என்ன ஆச்சுங்க?"

"அது அறுந்து போச்சு."

"அறுந்தா ரெண்டு துண்டா இருக்குமே. எங்கங்க?"

எனக்கு உச்சந்தலை சுட்டது. இருபது வருஷ ரயில்வே உத்தியோகத்தில் ஒரு மூட்டை குறைந்ததில்லை. என்னிடமா? ஒரு இற்றுப்போன கயிற்றுக்கா? 'ஏன்யா, என்னைப் பார்த்தால் கயிறு திருடுகிறவன் மாதிரியா இருக்கிறது?' என்ற வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. கொட்டகை முழுவதும் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. காளியம்மாவும் பார்த்துக்கொண்டிருந்தாள். வார்த்தையை விழுங்கிவிட்டு, "விசாரிச்சுச் சொல்றேன்" என்று உட்கார்ந்தேன்.

வீட்டுக்கு வந்து பொரிந்து தள்ளினேன். கமலம் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "அது சரி, கயிறு என்னதான் ஆச்சு?" என்றாள். மோகன் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கி, "நான் வந்து தேடட்டுமாப்பா?" என்றான். பையன் கேலி செய்கிறானா என்று பார்த்தேன். இல்லை. மறுநாள் டியூட்டிக்கு முன்னால் இருவரும் போனோம். அவன் அந்தப் பள்ளிக்கூடத்துக்குள் கால் வைத்தது அன்றைக்குத்தான் முதல் தடவை. கொட்டகைக்குப் பின்னால், ஒரு துண்டில் யாரோ துணி காயப் போட்டிருந்தார்கள். இன்னொரு துண்டில் ஓர் ஆடு கட்டியிருந்தது.

இந்த மாதம் எழுந்து நின்று அதை அப்படியே வாசித்தேன்: பழைய கயிறு, ஒரு துண்டு துணிக்கொடிக்கு, ஒரு துண்டு ஆட்டுக்கு. கொட்டகை சிரித்தது. சரி, முடிந்தது, உட்காரலாம் என்று பார்த்தால், கருப்பையா எழுந்து நிற்கிறான்.

"அண்ணே, ஆடு யாரோடது?"

எனக்கு எப்படித் தெரியும்? நாளைக்குப் போய் விசாரிக்க வேண்டும்.